கோத்தவர்கள்

கணினி முடங்கினால், அதைப் பராமரிக்கிறவர்கள் முதலில் கேட்பது 'டம்ப் கிடைத்ததா?' என்றுதான். முடங்கிய நொடியில் நினைவகத்தில் இருந்ததை அப்படியே படியெடுத்த கோப்பு அது. யூனிக்ஸ் உலகில் அதற்கு இன்றும் 'கோர் டம்ப்' என்று பெயர். நம் கோர்வைக்கும் இந்தக் கோருக்கும் உறவில்லை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது கேட்காமல் போகுமா?

கோர் என்பது காந்த வளையம். 1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த வேர்ல்விண்ட் கணினியில் இவ்வளையங்களால் ஆன நினைவகம் பொருத்தப்பட்டது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். 2 மில்லிமீட்டரில் தொடங்கிய வளையங்கள் பின்னாளில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கின. ஒவ்வொரு துளைக்குள்ளும் மூன்று நான்கு கம்பிகள் போக வேண்டும். உருப்பெருக்கியின் கீழே குனிந்து அவற்றைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலிவான கூலியைத் தேடி அந்த வேலை கிழக்காசியப் பெண்களின் கைகளுக்கும் போனது. விரல் மென்மை, பொறுமை என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. இயல்பு என்று சொல்லிவிட்டால் திறமைக்குத் தனியாகக் கூலி தர வேண்டாமே. ஜே ஃபாரெஸ்டரின் பெயரில் இருந்த காப்புரிமைக்காக 1964இல் ஐ.பி.எம். எம்.ஐ.டி.க்குக் கொடுத்தது 1.3 கோடி டாலர்.

மின்சாரம் போனாலும் வளையத்தின் காந்தத் திசை மாறாது. அதனால் அந்தக் காலத்தில் டம்பைக் காப்பது பெரிய காரியமில்லை. நின்றுபோன கணினியை மறுபடி துவக்கினாலும், துவக்க நிரல் வந்து அமரும் சிறு இடம் தவிர மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கும் வேளையில் அப்போலோ 11இன் கணினி 1202, 1201 என்று எச்சரித்துப் பலமுறை தன்னைத்தானே மறுதுவக்கம் செய்துகொண்டது. பயணத்துக்கு வேண்டிய எண்கள் வளையங்களில் பத்திரமாக இருந்தன; விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. அந்த மென்பொருளோடு சேர்த்து மார்கரெட் ஹாமில்டனின் பெயரை இன்று எல்லோரும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே நிரலை வால்தாமின் ரேதியான் ஆலையில் கம்பி கம்பியாக நெய்தவர்களும் பெண்களே: கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'சின்னக் கிழவி நினைவகம்'. அந்தக் கிழவிகளில் எத்தனை பேரின் பெயரை நாம் மீட்டிருக்கிறோம்?

1970இல் இன்டெல் 1103 சில்லு வந்தது. இதில் நினைவு என்பது மின்னேற்றம். சில மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் வடிந்துவிடும். தானாகத் தங்கியதை இனி யாராவது எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. பெர்க்லி யூனிக்ஸ் ஒரு வழி கண்டது. கெர்னல் விழும்போது நினைவகத்தை வட்டின் ஸ்வாப் பகுதியில் கொட்டிவிடும். அடுத்த துவக்கத்தில் 'சேவ்கோர்' என்ற நிரல் அதைக் கோப்பாக எடுத்து வைக்கும். சிக்கல் முறைவரிசையில் இருந்தது. துவங்கும் கணினிக்கே ஸ்வாப் தேவைப்பட்டால் டம்பின் மேலேயே எழுதிவிடும். எனவே டம்பை ஸ்வாப்பின் கடைசியில் வைத்தார்கள், புது எழுத்து அங்கே வந்துசேரக் கொஞ்சம் நேரமாகட்டும் என்று.

லினக்ஸில் 2005இல் சேர்ந்த கேடம்ப் வேறு வழியில் போகிறது. நினைவகத்தின் ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னலைத் தயாராக வைத்திருக்கும். முதலாவது விழுந்ததும் இது எழும். ஒதுக்கிய மூலைக்குள்ளேயே ஓடும், வெளியே எதன் மேலும் எழுதாது. விழுந்ததன் நினைவகத்தை ஒரு கோப்பாகப் படித்து வட்டில் சேர்த்த பிறகே கணினியை வழக்கம்போல் துவங்க விடும். இழவு வீட்டில் முதலில் பெட்டி, பத்திரங்களைப் பத்திரப்படுத்தும் அத்தைமார் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆனால் இன்றைய நினைவகம் பெரிது. முழுவதையும் வைத்துக்கொள்ள வட்டில் இடம் போதாது. 'மேக்டம்ப்ஃபைல்' என்ற நிரல் வேண்டாத பக்கங்களைக் கழித்துவிடும். எவை வேண்டாதவை என்பதை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். 31 என்று கொடுத்தால் வெற்றுப் பக்கங்களோடு, அந்தக் கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பக்கங்களும் கழிந்துவிடும். கெர்னலின் பக்கங்கள் இருக்கும்.