இரட்டையர் சாட்சியும் எண்ணூர்ச் சாம்பலும்

எண்ணூரில் இளைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனால் முதலில் வருகிற கேள்வி: "வீட்டில் வேறு யாருக்காவது வீசிங் உண்டா?" உண்டுதான். அப்பாவுக்கு உண்டு, ஆயாவுக்கு உண்டு. பக்கத்து வீட்டிலும் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. மருத்துவர்மீது குற்றமில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

புள்ளியியல் படித்த எவரும் ரொனால்ட் ஃபிஷரைத் தாண்டி வந்திருக்க முடியாது. 1933இல் லண்டனில் அவர் ஏற்ற பதவி இனமேம்பாட்டியல் பேராசிரியர் என்பதை என் பாடநூல் சொல்லவில்லை. (சாதிக்கு அதே இனமேம்பாட்டியலை முட்டுக்கொடுத்தவர்களை, 1936இல், மேடையேறாமல் அச்சேறிய உரையில் அண்ணல் அம்பேத்கர் பிய்த்துப் போட்டார்.) சிகரெட்தான் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று டோலும் ஹில்லும் நிறுவிக்கொண்டிருந்தபோது, 1958இல் 'நேச்சர்' இதழில் ஃபிஷர் இரட்டையர்களைச் சாட்சிக்கு அழைத்தார். புகைப்பழக்கத்தில் ஒருகரு இரட்டையர் இருகரு இரட்டையரைவிட அதிகம் ஒத்திருக்கிறார்கள். ஆகவே பழக்கம் பிறப்பில் வருகிறது. புற்றுநோயும் அதே பிறப்பில் வரலாமே என்றார். அப்போது அவர் சிகரெட் உற்பத்தியாளர் குழுவின் ஆலோசகர். ஜெர்மானிய இரட்டையர் தரவைக் கொடுத்த வெர்ஷுவர், ஆஷ்விட்சில் இரட்டைக் குழந்தைகள்மீது சோதனை நடத்திய மெங்கலேயின் ஆசிரியர்.

பிறகு ஃபின்லாந்தில், ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் புகைத்தவரே முதலில் இறந்தார். அதே இரட்டையர் முறைதான், கேட்ட கேள்வி வேறு.

எல்லோரும் தினமும் 20 சிகரெட் பிடிக்கும் ஊரில் ஆய்வு செய்தால் நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் என்றே முடிவு வரும் என்று 1985இல் எழுதினார் ஜெஃப்ரி ரோஸ். அந்த ஊரில்தான் நாம் இருக்கிறோம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது. அது மூடப்பட்ட பிறகும் அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் நிற்கின்றன. இரட்டையர் கணக்கு ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பங்கு பிரிக்கும். எல்லாப் பிள்ளையும் ஒரே சாம்பலைச் சுவாசித்தால் சாம்பலின் பங்கு பூஜ்யம், மிஞ்சுவது ரத்தம். கணக்கில் பிழையே இருக்காது. ஆய்வுக்கு வரும் மாணவர்கள் எண்ணூர்ப் பிள்ளையை எண்ணூர்ப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சாம்பல் விழாத ஊரின் பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று பரம்பரையைக் காரணம் காட்ட யாராலும் முடியவில்லை. முந்தின நாள் மாலை அதே பெண்கள் அதே தெருவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.