ஒரே வெடி: பேக்கரின் துவக்கும் பணிக்கரின் வார்க்கயிறும்

எங்கட பக்கத்தில் ‘இடியன்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, சக்கையை வைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குகிற துவக்கு அது. இடிப்பதால் இடியன். வெடி ஒன்றுதான். அது தப்பினால் முதலிலிருந்து மறுபடியும் இடிக்க வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விடும். துவக்கு என்ற சொல்லே துருக்கியரின் ‘துஃபெக்’ வழியாக வந்தது என்பது அகராதிக்காரர் கருத்து. தமிழ்நாட்டார் சொல்லும் துப்பாக்கியும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

இந்த ஒற்றை வெடித் துவக்குக்கு மேல்நாடுகளில் இன்றைக்கு ஒரு தனி மவுசு இருக்கிறது. ஐந்து, பத்து சன்னங்களை ஒரேயடியாய் ஏற்றக்கூடிய துவக்குகள் கடைகளில் மலிந்து கிடக்கும்போது, நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய ஒற்றைச் சன்ன றைபிளைத் தேடிப் பிடித்து, துடைத்து, எண்ணெய் பூசி, அதனோடுதான் காட்டுக்குப் போவேன் என்கிறவர்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நிறையப் பேர். காரணம் கேட்டால் அழகு, வேலைப்பாடு என்பவற்றுக்கு அப்பால் ஒரு நியாயமும் சொல்வார்கள். ஒரே வெடி என்றால் வேட்டைக்காரன் கிட்டப் போக வேண்டும், பொறுத்திருக்க வேண்டும், சரியான தருணம் வராவிட்டால் விசையைத் தொடாமல் திரும்பி வர வேண்டும். மிருகத்துக்கும் தப்பிப் போக ஒரு வழி இருக்கும். ஆகவே ஒற்றை வெடி மனிதனை ஒழுங்குபடுத்துகிறது என்பது அவர்களின் வாதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை உரசிப் பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. ஒற்றை வெடித் துவக்கு கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு பகுதி நம் நாட்டுக் காடுகளிலேதான் கழிந்தது.

சாமுவேல் பேக்கரை உலகம் அறிவது நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர் என்று. அதற்கு முன்னர் அவர் நுவரெலியாக்காரர். 1848 முதல் 1855 வரை அங்கே பண்ணை வைத்திருந்தார். மிச்ச நேரமெல்லாம் வேட்டை. இலங்கை வேட்டையைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்கள் இன்றும் மறுபதிப்பாகின்றன. 1821இல் பிறந்த அவர், 1840இல், இருபது வயது நிரம்புமுன்னரே, பிரிஸ்டல் நகரத்துத் துவக்குக் கொல்லரான கிப்ஸிடம் தனக்கென்று ஒரு றைபிள் செய்வித்துக்கொண்டார். அதன் அளவுகளை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாரம் 21 இறாத்தல். ஒற்றைக் குழல், நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு என்றால் 3 அவுன்ஸ், கூர்க் குண்டு என்றால் 4 அவுன்ஸ். ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்து. அதாவது ஒரு முழு அவுன்ஸ். நாலு அவுன்ஸ் ஈயம் என்பது உள்ளங்கையில் வைத்தால் கை தாழ்கிற கனம்.

அந்தக் குழலின் உட்புறத்தில் இரண்டே இரண்டு காடிகள் புரிபோல வளைந்து ஓடின. குண்டைச் சுற்றி அரைஞாண்கொடி கட்டியது மாதிரி ஒரு விளிம்பு. அந்த விளிம்பு காடிக்குள் அமர்ந்து இறங்கும். வெடித்ததும் அதே காடியைப் பிடித்துச் சுழன்றுகொண்டு வெளியேறும். சுழல்கிற குண்டு நேராகப் போகும் என்பதுதான் றைபிளின் முழு இரகசியம். காடி இல்லாத குழலிலிருந்து போகும் குண்டு காற்றில் தடுமாறும்.

இத்தனை மருந்தையும் தாங்கக்கூடிய குழலின் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டு குழலை இந்தக் கனத்தில் ஒட்டவைத்தால் தூக்கிக் குறிபார்க்க முடியாது. அதனால்தான் அது ஒற்றைக் குழல். ஒரு வெடியோடு நிற்பேன் என்று எவரும் நோன்பு பிடித்துச் செய்ததல்ல. கருமருந்தும் இரும்பும் அன்றைக்கு அனுமதித்தது அவ்வளவுதான். இரட்டைக்குழல் கிடைத்த இடத்தில் பேக்கர் இரட்டைக்குழலைத்தான் எடுத்தார். அவருடைய இலங்கை வேட்டைகளில் இரட்டைக்குழல் றைபிள்களும் பக்கத்திலேயே இருந்தன.

இன்னொரு விசயமும் படங்களில் தெரியாது. யானைக்கு முன்னால் நின்ற துரைமார் யாருமே ஒற்றை வெடியோடு நிற்கவில்லை. பின்னால் துவக்குத் தூக்கிகள் நின்றார்கள். வெறுந்துவக்கை வாங்கிக்கொண்டு, மருந்து நிரப்பிய அடுத்த துவக்கைக் கையில் திணிப்பது அவர்களுடைய வேலை. பாயும் யானை பத்துப் பதினைந்து அடிக்குள் வந்து விட்டாலும் அவர்கள் ஓடக்கூடாது, சுடவும் கூடாது. கையில் நிரப்பிய துவக்கு இருந்தும் அதைப் பிறருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன மாதிரித் துணிவு என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. ஒற்றை வெடியின் புகழில் பாதியாவது அந்தக் கைகளுக்குப் போக வேண்டியது.

ஒற்றை வெடி மனிதனைக் கட்டுப்படுத்தியதா? அந்தக் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தன் நூலில் தந்திருக்கும் கணக்கு இது: மேஜர் ரொஜர்ஸ் கொன்ற யானைகள் 1400க்கு மேல். கப்டன் கால்வே என்பவர் அதில் பாதிக்கு மேல். தெருக்கள் போட்டுப் பெயரெடுத்த மேஜர் ஸ்கின்னர் ஏறக்குறைய அதே அளவு. ரொஜர்ஸ் பதுளையில் அதிகாரியாக இருந்தவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அது யானைகளின் சாபம் என்று மலைநாட்டில் இன்றும் கதை சொல்வார்கள்.

எதற்காக 1400? இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சில, ஆகவே தந்தத்துக்காக அல்ல. முஸ்லிம்களுக்கு அது உண்ணும் இறைச்சியே அல்ல. துரைமாரும் அதற்காகச் சுடவில்லை. வாலை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் காட்டில் விட்டுப் போனார்கள். இதற்கு மேல் அரசாங்கமே யானைக்குத் தலைவிலை வைத்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் மட்டும் 3500 யானைகள் கொல்லப்பட்டன என்றும், அவற்றைக் கொன்றவர்கள் சில ஷில்லிங் சன்மானத்துக்காகப் போன உள்ளூர்வாசிகள் என்றும் டெனன்ட் எழுதுகிறார். வாய்வழியே மருந்து இடிக்கிற துவக்குகளின் காலத்து எண்ணிக்கை இது. தொகுப்பாளர்கள் சொல்லும் அந்தப் பொறுமையும் கருணையும் துவக்கின் இரும்புக்குள் இருந்திருந்தால் இந்த இலக்கம் வந்திருக்காது.

அதே டெனன்டின் நூலில் சில பக்கங்கள் தள்ளி வேறு ஆட்கள் வருகிறார்கள். தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழும் பணிக்கர்கள் என்று அவர்களைச் சொல்கிறார். யானை பிடிப்பதே அவர்களின் தொழில். காய்ந்த நிலத்திலும் கல்லிலும்கூட யானைத் தடத்தை ஓட்டமாய் ஓடியபடியே வாசிப்பார்களாம். ஐரோப்பிய வேட்டைக்காரருக்குத் தடம் காட்டியவர்களும் இவர்கள்தான். பிடிக்கப் போகும்போது கையில் இருப்பது மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய வார்க்கயிறு. இரண்டு பேர் போதும். யானைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நெருங்கி, அது கால் எடுத்து வைக்கும் கணத்தில் பின்னங்காலில் சுருக்கைப் போட்டுவிடுவான் ஒருவன். மற்றவன் கயிற்றின் மறுநுனியை மரத்தில் சுற்றுவான். சுருக்கு வழுக்கினால் இரண்டாவது தடவை என்று ஒன்று இல்லை. பின்னால் நின்று இன்னொரு கயிறு நீட்டவும் ஆள் இல்லை.

‘ஒரே வாய்ப்பு, கிட்டப் போ, பொறுத்திரு’ என்று றைபிள்காரர் சொல்கிற மூன்றுமே இங்கேதான் முழுசாக இருக்கிறது. பிடிபட்ட யானை உயிரோடு ஊருக்கு வந்தது, பழக்கப்பட்டது, இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அதுவும் யானைக்குச் சுகமான வாழ்க்கை என்று நான் சொல்லவரவில்லை. பிடிக்கும்போதும் பழக்கும்போதும் செத்தவை பல. ஆனால் வாலுக்காக அது நடக்கவில்லை.

பேக்கருக்கும் இப்படிப்பட்ட ஒரு பாடம் பிறகு கிடைத்தது, வேறு நாட்டில். 1861இல் சூடானின் கிழக்குக்குப் போனபோது அவர் கையில் லண்டன் ஹொலண்ட் கடையில் செய்த இன்னொரு ஒற்றைக்குழல் இருந்தது. அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் இராட்சதத் துவக்கு. பாரம் 20 இறாத்தல். அவர் வைத்த பெயர் ‘பேபி’. கூட வந்த அரபிகள் அதற்குப் ‘பீரங்கியின் பிள்ளை’ என்று அரபியில் பெயர் வைத்தார்கள். பேக்கரே அதைச் சுடப் பயந்தார். வெடித்தால் ஆளையே சுழற்றிவிடும். ஆனாலும் அதில் சுட்ட எந்த வெடியும் வீண்போகவில்லை என்று பெருமையாக எழுதினார்.

அந்தப் பெருமை ஹம்ரான் அரபிகளைக் கண்டதும் கொஞ்சம் இறங்கியது. அவர்கள் யானையை வாளால் வேட்டையாடினார்கள். மூன்று நான்கு குதிரைகள். ஒருவன் யானையின் முகத்துக்கு நேரே போய் அதைத் தன்னைத் துரத்தவைப்பான். இன்னொருவன் பின்னால் பாய்ந்து வந்து, ஓடும் குதிரையிலிருந்து குதித்து, இரு கையாலும் வாளைப் பிடித்துப் பின்னங்கால் நரம்பை ஒரே வெட்டாய் வெட்டுவான். ஷெரீப் சகோதரர்கள் என்ற குடும்பம் இதில் பேர் போனது. அவர்களில் றோதர் என்பவருக்கு ஒரு கை சூம்பியிருந்தது. யானையைத் தன் பின்னால் ஓடவைக்கும் ஆபத்தான வேலை அவருடையது. உலகத்திலே தான் கண்ட வேட்டைக்காரர்களில் இவர்களே மேலானவர்கள் என்கிற தொனியில்தான் பேக்கர் எழுதுகிறார். இந்த இடத்தில் அவர் நேர்மையானவர் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இலங்கைப் பணிக்கருக்கு அந்த அளவு பக்கம் அவர் ஒதுக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

தொகுப்பாளர்கள் இன்று அதிகம் நேசிக்கிற துவக்குகள் இதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. வாய்வழி இடிப்பது போய், அடிப்புறத்தைத் திறந்து தோட்டாவைச் செருகும் முறை வந்தது. அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்: ஒரு நெம்புகோலைக் கீழே தள்ளினால் குழலின் அடியை அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை இறங்கும், திரும்ப இழுத்தால் ஏறி அடைக்கும். ஸ்கொட்லாந்தின் ஜோன் பார்க்கர்சன் 1872இல் அதைவிட நேர்த்தியான ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் செய்து விற்றது, பேக்கரின் துவக்கைச் செய்த அதே பிரிஸ்டல் கிப்ஸ். பிரித்தானிய இராணுவம் 1871இல் ஏற்ற மார்டினி ஹென்றியும் ஒற்றை வெடிதான். அதன் அமெரிக்க உறவுக்காரனான பீபொடி மார்டினியை உஸ்மானியர் இலட்சக்கணக்கில் வாங்கி, 1877இல் பிளெவ்னா முற்றுகையில் ரஷ்யப் படையைத் தூரத்திலேயே தடுத்தார்கள். கிட்ட வந்தவர்களுக்கு வின்செஸ்டர் தொடர்வெடி வைத்திருந்தார்கள். ஒற்றை வெடியின் இராணுவ வாழ்வு அதோடு மங்கத் தொடங்கியது.

இந்தத் துவக்குகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஒரு பார்க்கர்சனின் அடிக்கட்டை ஏறி அடைக்கும்போது இரும்போடு இரும்பு பொருந்துகிற விதம் நல்ல தச்சன் போட்ட மூட்டு மாதிரி. தோட்டா அறை வேண்டியதில்லை என்பதால் நீளக் குழல் வைத்தும் மொத்தத் துவக்கு குட்டையாக இருக்கும், கழற்றித் துடைக்க உறுப்புகள் குறைவு, அடைப்பு பலமானது.

ஆனால் இதே ஷார்ப்ஸ் துவக்குத்தான் 1870களில் அமெரிக்கச் சமவெளியின் காட்டெருமைகளை முடித்தது. தோல் வியாபாரத்துக்கு வேட்டையாடியவர்கள் மந்தையிலிருந்து தூரத்தில் படுத்துக்கொண்டு, முதலில் தலைமைப் பசுவைச் சுட்டார்கள். வெடி எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் மந்தை நின்ற இடத்திலேயே சுற்றும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு வெடியாக, குழல் சூடேறும் வரை. 1889இல் ஹோர்னடே கணக்கெடுத்தபோது மிஞ்சியிருந்தவை ஆயிரத்துச் சொச்சம். ஒற்றை வெடி கிட்டப் போகவைக்கும் என்பது இங்கே தலைகீழாகி, தூரத்தில் இருந்தே கொல்லவைத்தது.

1880களிலும் 1890களிலும் புகையில்லா மருந்தும் தொடர்வெடித் துவக்குகளும் வந்தபின் ஒற்றை வெடி பின்தள்ளப்பட்டது. 1967இல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் பார்க்கர்சனின் சாயலில் புதிய ஒற்றை வெடி றைபிள் ஒன்றை விற்பனைக்கு விட்டதும் வியாபாரிகளே வியக்கிற அளவுக்கு அது போனது. அந்தத் தேதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘ஒரே வெடியில் ஒழுக்கம்’ என்கிற கதை, வேறு வழி இருக்கும்போது ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்கிற கட்டுப்பாட்டைப் பற்றியது. இன்றைய வேட்டைக்காரர் அதைப் பேசலாம், அதில் உண்மையும் உண்டு. அதைக் கொண்டுபோய் 1840களின் துரைமார் தலையில் கிரீடமாக வைக்கிறதுதான் பிழை. இலங்கையில் யானைக்கு ஏதாவது காவல் வந்ததென்றால் அது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் போன்றவற்றால் வந்தது. துவக்கின் குறைபாட்டால் வரவில்லை.

பேக்கரின் மருந்து எத்தனை டிராம் என்று நமக்குத் தெரிகிறது, குண்டின் அவுன்ஸ் தெரிகிறது, கொல்லரின் பெயர் தெரிகிறது. பணிக்கரின் வார்க்கயிறு எத்தனை புரி, தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள், காட்டுக்குள் நுழையுமுன் என்ன ஓதினார்கள், யானையைத் தணிக்க எந்தச் சொற்களை வைத்திருந்தார்கள் என்பவற்றை ஒரு துரையின் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. கிழக்கிலும் வன்னியிலும் பணிக்கர் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களில் எண்பது கடந்த மூத்தாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் முதலில் கயிற்றைப் பற்றிக் கேட்கட்டும்; யானையைப் பற்றி அவர்களாகவே சொல்வார்கள்.