கல்கத்தா நத்தையும் கம்பம் பள்ளத்தாக்கும்

சின்னமனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் சிவப்புக்காது ஆமை வளர்க்கிறான். (நட்சத்திர ஆமை இல்லீங்கோ. அதை வளர்த்தா 1972 வனஉயிரினச் சட்டப்படி கம்பி எண்ணணும்.) "அண்ணே, வெளிநாட்டுல ஆமைக்கும் பல்லிக்கும் இரை போடறதுக்குன்னே தொட்டியில நத்தை வளர்க்கிறாங்களாம். நம்மளும் அந்தப் பெரிய நத்தையில ரெண்டு விட்டா என்ன?"ன்னு கேட்டான். வேணாம்டான்னு முடிச்சிருக்கலாம். ஆனா இந்த நத்தை நம்ம நாட்டுக்கு வந்த கதையே இப்படி ஒரு ஆசையிலதான் ஆரம்பிக்குது.

அவன் சொன்னது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று தாவியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் ஹென்றி பென்சனுக்கு உத்தியோகத்தைவிட நத்தை ஓட்டின் மேல்தான் காதல். மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்த நத்தைகளை, கல்கத்தாவை விட்டுக் கிளம்பும்போது ஒரு நண்பரிடம் கொடுத்தார். நண்பர் அதையெல்லாம் சௌரிங்கி தோட்டத்தில் விட்டார். வருஷம் 1847. அப்புறம் யாரும் அதைப் பிடிக்க முடியவில்லை.

1900இல் இலங்கை. 1928 வாக்கில் சரவாக்கில் கோழி வாத்துக்குத் தீனியாக இறக்கினார்கள். நம்ம தம்பி யோசனைக்கு இதுதான் தாத்தா! 1966இல் ஹவாயிலிருந்து மியாமிக்கு ஒரு பையன் மூணே மூணு நத்தை கொண்டுவந்தான். பாட்டி அதைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருஷத்தில் 18,000க்கு மேல். ஒழிக்க ஆன செலவு சுமார் பத்து லட்சம் டாலர்.

இதை அடக்கவென்று வேறொரு வேட்டை நத்தையை 1955இல் ஹவாயிலும், 1977இல் மூரியா தீவிலும் விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு உள்ளூர் பார்டுலா நத்தைகளைத் தின்றது. பத்து வருஷத்தில் மூரியா காட்டில் பார்டுலாவே இல்லை. எலியை விரட்டப் பாம்பை விட்ட கதைதான், போங்க.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. ஒருமுறை சேர்ந்த ஒன்று தப்பினாலே போதும், ஒரு ஈட்டுக்கு நூறு இருநூறு முட்டை. நம்மூர் கோடைக்குச் செத்துடும்னு நினைக்காதீங்க. ஓட்டு வாயை மூடிக்கிட்டு மாசக்கணக்கில் தூங்கும். சுண்ணாம்புச் சத்துக்காகச் சுவரையே சுரண்டும். எலிக்கழிவிலிருந்து இதற்குள் போகும் ஒரு நுண்புழு, சரியாக வேகாத நத்தை வழியாக மனுஷ மூளை உறைவரைக்கும் போகும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். வயக்காட்டு நத்தை வேற சாதி. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை பெரியாறு தண்ணியில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் வயலுக்கு நத்தைகொத்தி நாரை வர்றது அந்த நத்தைக்காகத்தான். அது நம்ம ஆளு.

எனக்குப் பயம் எல்லாம் இந்த வயலைச் சுத்தி இருக்கிற வாழையையும், குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தையும் நினைச்சுத்தான். தோட்டத்துக்குள்ள புகுந்தா இளங்குருத்தையும் நாத்தையும் மொட்டையடிச்சுடும். இது நடந்து வர வேண்டியதில்லை, கன்னோட மண்ணில் முட்டையாக லாரி ஏறிவிடும். வெளியூர்க் கன்னு வாங்குறவங்க கிழங்கு மண்ணை உதறிப் பாருங்க. மிளகு சைசுல வெளிர்மஞ்சள் முட்டை கொத்தா இருந்தா நசுக்கிடுங்க. வெறுங்கையால மட்டும் வேணாம்.