மண்டை ஓட்டுக்கு உள்ளேயிருந்து வெளியே

செரிப்ரல் பால்ஸி எனப்படும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தலையில் லேசாக மின்சாரம் கொடுத்தால் தடுமாறாமல் நிற்குமா? கேட்க அறிவியல் புனைகதை மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு ஒரு முன்கதை நம்ம ஊர்ப்பக்கமே உண்டு.

முதலில் சமநிலை என்றால் என்ன? சிம்மக்கல்லில் பஸ் சட்டென்று திரும்புது. கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற நாம் பெரும்பாலும் விழுவதில்லை. கண், உள்காது, மூட்டுகள் மூன்றும் அனுப்பும் செய்தியைக் கூட்டிப் பார்த்து, மூளை நொடிக்குள் தசைகளுக்கு உத்தரவு போடுது. பிறப்பையொட்டி வளரும் மூளையில் அடிபட்ட குழந்தைக்கு இந்த உத்தரவு கோணலாகப் போகிறது. தசையும் இறுகிக்கொள்கிறது.

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் 1970-களில் இந்த இறுக்கத்தை மூளைக்குள்ளேயே போய்த் தளர்த்தப் பார்த்தார்கள். தலையை உலோகச் சட்டத்தில் பொருத்தி, சிறு துளை போட்டு, குறித்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளியை அழிப்பது அந்த முறை. கனகா, இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர்.

அப்புறம் வழி வெளிப்பக்கம் திரும்பியது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு, தலைக்கு மேலே காந்தச்சுருளை வைத்தே கையை அசைத்துக் காட்டியது. 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலசும், தோலின் மேல் கொடுத்த மெல்லிய நேர் மின்னோட்டமே மூளையின் இயக்கப் பகுதியின் தூண்டுதிறனை மாற்றும் என்று காட்டினார்கள்.

2014-ல் பிரேசிலில் 24 குழந்தைகளிடம் சோதித்தார்கள். எல்லோரும் ட்ரெட்மில்லில் நடந்தார்கள். பாதிப் பேருக்கு நடக்கும்போதே 1 மில்லியாம்பியர் மின்சாரம், மீதிப் பேருக்குப் போலி மின்சாரம். நிஜ மின்சாரம் பெற்றவர்களின் தள்ளாட்டம் கூடுதலாகக் குறைந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: மின்சாரம் மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், மின்சாரம் புரோகிராம் இல்லை. புரோகிராமை ஏற்றிக்கொள்ள இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் தயார் பண்ணுது, அவ்வளவுதான். புரோகிராம் என்பது பயிற்சி.

அதனால் "கரண்ட் வெச்சா நடந்துடுவான்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "கூடவே என்ன பயிற்சி தருவீங்க?" வலிப்பு வரும் குழந்தை என்றால் அதையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டில் சோதித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.