இருதயக் கலமும் மருந்தின் விலையும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மருந்துக்கடை வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். இருதய நோயாளி ஒருவர் வைத்தியர் எழுதிய துண்டை நீட்டி, ஒரு மாத மாத்திரைக்கு விலை கேட்கிறார். பத்து நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். விஞ்ஞானம் இவரை மறந்துவிடவில்லை. விஞ்ஞானத்துக்கும் இவருக்கும் இடையே நிற்பது எது?

மாரடைப்பில் மாண்ட இருதயத் தசை மீண்டும் வளர்வது அரிது. அவ்விடத்தில் வடுவே எஞ்சுகிறது. எவ்வுறுப்பின் கலமாகவும் மாறவல்ல மூலக்கலங்களிலிருந்து புதிய தசையை ஆக்கலாம் என்ற நம்பிக்கை, 1998இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தொம்சன் மனிதக் கருவின் மூலக்கலங்களைப் பிரித்தெடுத்தபோது வலுப்பெற்றது. 2007இல் ஜப்பானியரான ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த மனிதனின் தோற்கலத்தையே அந்நிலைக்குத் திருப்பிக் காட்டினார்.

ஆயினும், அவற்றை இருதயத் தசையாக மாற்றப் பயன்பட்ட வளர்ச்சிப் புரதங்கள் விலை மிக்கவை. ஒருமுறை கிடைத்த பலன் மறுமுறை கிடைப்பதில்லை. 2012இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சியாவோஜுன் லியான், ஷோன் பலசெக் முதலியோர் வேறு வழி கண்டனர். கலத்தின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ‘வின்ற்’ என்னும் சைகையை ஒரு சிறு இரசாயன மூலக்கூறினால் முதலில் தூண்டினர். சில நாட்களின் பின் இன்னொன்றினால் அடக்கினர். நூற்றுக்கு 80 முதல் 98 வரையான கலங்கள் இருதயத் தசைக்கலங்களாயின, தட்டிலேயே துடித்தன. 2020 ஜனவரியில் ஒசாக்கா பல்கலைக்கழகத்தினர், மூலக்கலங்களிலிருந்து ஆக்கிய இருதயத் தசைத் தகட்டை நோயாளி ஒருவரின் இருதயத்தில் பொருத்தியதாக அறிவித்தனர்.

இரசாயனம் மலிந்தால் மருத்துவமும் மலியுமா? மருந்துக்கடையிலே விற்கும் மாத்திரையும் பெரும்பாலும் ஒரு சிறு மூலக்கூறுதான். அதை ஆக்கும் செலவு சொற்பம். வணிகப் பெயரே விலையை ஏற்றுகிறது. இவ்வுண்மையை முன்வைத்துச் செயலாற்றியவர் நமது மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கொழும்பில் உருவாயிற்று. பிபிலே அதன் முதற் தலைவரானார். ஏறக்குறைய 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, வணிகப் பெயரை விடுத்து, மூலப் பெயரிலேயே மருந்து கொள்வனவு செய்யப்பட்டது.

1977இல் ஆட்சி மாறியது, கொள்கை தளர்ந்தது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவில் காலமானார். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆய்வுகூடம் கலத்தை மாற்றும் வழியைக் கண்டுவிட்டது. அதன் பயன் கொட்டாஞ்சேனை நோயாளியை எட்டுமா என்பதை ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை. நாம் வகுக்கும் பொதுக்கொள்கையே தீர்மானிக்கிறது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், யமனாக்காவின் பெயரைச் சொல்லும் அதே வகுப்பில் பிபிலேயின் பெயரையும் சொல்வார்களாக.