முப்பது லட்சம் மைல்

மோட்டார் வண்டியை ஓட்டுபவரின் கண்ணெதிரே சிறு சாளரம் ஒன்று உண்டு. வண்டி பிறந்த நாள் முதல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை அதிலுள்ள எண்கள் காட்டும். சென்ற நூற்றாண்டின் 1980கள் வரை அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்கள் பலவற்றில் இவ்வெண்ணுக்கு ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 மைலைத் தாண்டியதும் ஐந்தும் சுழியாகிவிடும். கிழ வண்டி மீண்டும் குழந்தையாகிவிடும்! ஒரு லட்சம் மைலுக்கு அப்பால் என்ன என்று செய்தவர்களே பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் வாங்கப்பட்ட ஒரு கார் முப்பது லட்சம் மைலையும் கடந்து ஓடிற்று. அது எவ்வாறு இயன்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அந்தக் காரின் உரிமையாளர் பெயர் இர்வ் கார்டன். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். சாதனை புரிந்தவர் பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 1966ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் 1800 எஸ் என்னும் சிவப்பு நிறக் கார் ஒன்றை அவர் 4,150 டாலர் கொடுத்து வாங்கினார். வாங்கிய சில நாட்களிலேயே 1,500 மைல் ஓட்டி முடித்து, முதற் பராமரிப்புக்காக விற்றவரிடமே வந்து நின்றார். அவர் பள்ளிக்குப் போய்வரும் தொலைவு நாள்தோறும் 125 மைல். விடுமுறை வந்தால் ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுவார். பத்தாண்டுகளில் 5 லட்சம் மைல். 1987இல் 10 லட்சம். 2002இல் 20 லட்சம். 1998இலேயே கின்னஸ் சாதனை நூலில் இடம் கிடைத்துவிட்டது. 2013 செப்டம்பர் 18 அன்று அலாஸ்காவின் நெடுஞ்சாலை ஒன்றில் 30 லட்சமாவது மைல் நிறைவுற்றது. கிலோமீட்டரில் கணக்கிட்டால் 48 லட்சத்துக்கும் மேல். சந்திரனுக்கு ஆறு முறை போய்த் திரும்பும் தொலைவு. அக்கார் 32 லட்சம் மைலைக் கடந்திருந்த நிலையில், 2018 நவம்பரில் சீனாவுக்குச் சென்றிருந்தபோது அவர் காலமானார்.

இதைக் கேட்போர் இரண்டில் ஒன்றைச் சொல்வர். ‘அந்தக் காலத்து இரும்பு அப்படி’ என்பர் சிலர். ‘ஏதோ அதிருஷ்ட வண்டி’ என்பர் வேறு சிலர். இரண்டையும் நான் ஒப்புவதற்கில்லை. அந்தக் காலத்து இரும்பே காரணமாயின், அவ்வாண்டு அதே தொழிற்சாலையில் பிறந்த வண்டிகள் எல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காரணத்தைக் காண வேண்டுமானால் இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்னும் பொறியியலார், ரயில் வண்டியின் அச்சு சுழலும் தாங்கியில் உராய்வு எவ்வளவு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் துளையின் வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கை கொண்டு அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை கொண்டு அடைத்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறிற்று. வியப்புற்று அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின்மேல் ஏற்றியிருந்த சராசரிப் பாரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தத்தை முள் காட்டிற்று! சுழலும் அச்சு தன்னைச் சூழ்ந்த எண்ணெயைத் தானே இழுத்துச் சென்று, இடுக்கில் நெருக்கி, அந்த எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

மாணவ நண்பர்கள் இதைச் சற்று ஊன்றி நினைக்க வேண்டும். எஞ்சினின் கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை சுழலும்போது உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. இடையில் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத எண்ணெய்ப் படலம் நிற்கிறது. படலம் உள்ளவரை தேய்வு மிகச் சொற்பம். எனவே எஞ்சினின் ஆயுளை, அந்தப் படலம் எப்போதெல்லாம் இல்லாது போகிறது, எண்ணெய் எதனாலெல்லாம் கெடுகிறது என்ற இரண்டு வினாக்களே தீர்மானிக்கின்றன.

படலம் இல்லாத நேரம், வண்டி இரவெல்லாம் நின்றிருந்து காலையில் கிளம்பும் நேரம். எண்ணெய் வடிந்து அடியில் தங்கியிருக்கும். அதோடு நீரின் தொல்லையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். எஞ்சின் நன்கு சூடேறியிருந்தால் அது ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினிலோ அதில் ஒரு பகுதி எண்ணெயோடு கலந்து, அமிலமும் சேறும் உண்டாகக் காரணமாகிறது. கடைத்தெருவுக்கு இரண்டு மைல் போய்வந்து நிற்கும் கார் இவ்வாறு உள்ளூர நோய்ப்படுகிறது. கார்டனின் காரோ ஒருமுறை கிளம்பினால் அறுபது மைல் ஓடிற்று. அதிக தூரம் ஓடியதே அதன் ஆரோக்கியத்துக்கு ஒரு காரணம் என்றால் முரணாகத் தோன்றும். ஆயினும் உண்மை அதுதான்.

இனி எண்ணெய் கெடுவதைப் பார்ப்போம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்யப்பட்ட ஃபோர்டு ‘டி’ காரில் எண்ணெயை இறைக்கும் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. சுழலும் சக்கரம் வாரியெறிந்த எண்ணெய் போன இடத்துக்குப் போயிற்று. அந்நாளைய எஞ்சின்களில் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மேல்மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது வழக்கமான வேலை. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் எண்ணெய் வடிகட்டியைக் கொண்டுவந்தார். 1930களில் டீசல் எஞ்சின்களுக்காக அழுக்கு நீக்கும் மருந்து கலந்த எண்ணெய் பிறந்து, பின்னர்க் கார்களுக்கும் வந்தது.

அடுத்த மாறுதல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. எஞ்சின் ‘தட்டாமல்’ ஓடுவதற்காக 1921இல் கண்டறியப்பட்ட ஈயக் கூட்டுப்பொருளை அரை நூற்றாண்டு காலம் பெட்ரோலில் கலந்தார்கள். அது மக்களின் இரத்தத்தில் நஞ்சாகச் சேர்ந்தது பெருங்கேடு. அதனோடு, ஸ்பார்க் பிளக்கை மூடி, எண்ணெயில் அமிலம் சேர்த்து, புகைக்குழாயையும் அரித்தது. புகையைத் தூய்மை செய்யும் கருவி ஈயத்தைப் பொறுக்காது என்பதால், 1975 முதல் அமெரிக்காவில் ஈயமற்ற பெட்ரோல் பரவலாயிற்று. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் முற்றிலும் நீக்கப்பட்டது. காற்றைக் காக்கச் செய்த ஏற்பாடு எஞ்சினுக்கும் ஆயுள் தந்தது. கார்புரேட்டர் போய், அளந்து எரிபொருள் தெளிக்கும் முறை வந்ததும் அப்படியே. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடுவது பெரிதும் குறைந்தது.

கார்டனின் கார் இந்த மாறுதல்கள் பலவற்றுக்கு முற்பட்டது. அதன் 1.8 லிட்டர் எஞ்சின் நல்ல எஞ்சின்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் தண்டை மூன்று தாங்கிகள் தாங்கிய காலத்தில் இதை ஐந்து தாங்கின. ஆனால் மீதியைச் செய்தது மனிதர். கார்டன் எந்த இரகசியத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. காருடன் தரப்பட்ட கையேட்டைப் படித்தார். அதில் சொல்லியபடி செய்தார். மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினார். கம்பெனியின் உதிரிப்பாகங்களையே போட்டார். புதிய சத்தம் ஏதேனும் கேட்டால் அன்றே கவனித்தார். சுமார் 6,80,000 மைலில்தான் எஞ்சின் முதன்முறையாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டது. கையேட்டை இருக்கைக்கடியில் போட்டுவிட்டு மறந்துபோகும் நம்மில் பலருக்கு இது கசப்பான செய்திதான்!

மாறுதல்கள் எல்லாம் வந்த பிறகு செய்யப்பட்ட காருக்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறேன். அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில், பொருள்களைக் கொண்டுசேர்க்கும் தொழில் செய்த ஒரு பெண்மணி, 2013ஆம் ஆண்டு மாடல் ஹூண்டாய் எலான்ட்ரா காரை ஐந்தே ஆண்டுகளில் 10 லட்சம் மைல் ஓட்டினார். நாளொன்றுக்குச் சராசரி ஐந்நூறு மைலுக்கும் மேல். கம்பெனியார் முதலில் நம்பவில்லை. எஞ்சினில் பொறித்த எண்ணையும் பராமரிப்புக் கணக்கையும் சோதித்த பின்னரே ஏற்றுக்கொண்டனர். விலையுயர்ந்த காரன்று அது. சாதாரணக் குடும்பக் கார். எஞ்சின் ஆறுவதற்கே நேரமில்லாமல் ஓடிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் ‘அதே கார்’ என்று எதைச் சொல்வது? கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240 டி கார் ஒன்றை 1981இல் பழைய வண்டியாக வாங்கினார். 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்த வண்டியை 2004இல் கம்பெனியின் பொருட்காட்சிசாலைக்கு அளித்தார். அதில் எஞ்சின்கள் பலமுறை மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்டவை. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கரின் முன்னோர் வாதிட்ட கதை நினைவுக்கு வருகிறது. எஞ்சின் மாறினும் வண்டி மாறவில்லை என்பதே என் கட்சி. ஆறுமாதம் நிற்காமல் பிழைப்பு நடத்த வேண்டியவனுக்கு, ஓர் எஞ்சின் பழுது பார்க்கப்படும்போது மற்றொன்று ஓடுவது விவேகமே. ஆயினும் சாதனை என்ற முறையில் கார்டனையே ஒரு படி மேலாக வைப்பேன்.

இவ்விருவரும் தம் காலத்து வாணிபப் போக்குக்கு எதிராக நடந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1920களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் உருவம் மாற்றும் முறையை வளர்த்தார். ஓடும் வண்டியையே பழையதாக உணரச் செய்வது அதன் நோக்கம். 1954இல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் இதற்குத் ‘திட்டமிட்ட பழமை’ என்ற பெயரையும் பரப்பினார். எஞ்சின் தேய்வதற்கு முன் ஆசை தேய்ந்துவிட்டால் விற்பனை நடக்கும். அதேசமயம், பழைய வண்டி எல்லாவற்றையும் காத்தே தீரவேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். புகை தூய்மை செய்யும் கருவி இல்லாத வண்டிகள் நகரக் காற்றுக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று. புதுக் கார் செய்யச் செலவாகும் இரும்பையும் ஆற்றலையும் ஒரு தட்டிலும், இந்தப் புகையை மறு தட்டிலும் வைத்தே நிறுக்க வேண்டும்.

மின்சாரக் கார் வந்தபின் கணக்கே வேறாகிவிட்டது. ஜெர்மனியில் ஒருவருடைய டெஸ்லா கார் 2019இல் 10 லட்சம் கிலோமீட்டரைக் கடந்தது. அதற்குள் மோட்டாரும் மின்கலத் தொகுதியும் மாற்றப்பட்டிருந்தன. அங்கே எஞ்சின் எண்ணெய் இல்லை, கரி இல்லை, காலைக் குளிரில் வடிந்து கிடக்கும் படலமும் இல்லை. முதுமை அடைவது மின்கலத்தினுள் இருக்கும் வேதிப்பொருள். அதன் வரலாறு இன்னொரு நாளைய பேச்சுக்கு உரியது.