கானூன்: ஒரு தூதுவரும் ஒரு சொல்லும்



எழுதியவரின் வாழ்க்கையில் மாசு படிந்திருந்தால் அவர் எழுதியதையும் தள்ளிவிட வேண்டுமா? பாரசீகத் தூதுவர் மிர்சா மல்கம் கானின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

இஸ்பஹான் நகரை அடுத்த புதிய ஜுல்பாவில், 1833ஆம் ஆண்டு, ஆர்மீனியக் குடும்பமொன்றிலே பிறந்தவர் மல்கம். இளமையில் பாரிஸ் சென்று கற்றார். நாடு திரும்பியபின், தெஹ்ரானில் 1851இல் தொடங்கப்பெற்ற தாருல் புனூன் கல்லூரியில் ஐரோப்பிய ஆசிரியர்களுக்கு மொழிபெயர்ப்பாளரானார். அந்நாளில் மன்னர் நாசிருத்தீன் ஷாவின் வாய்ச்சொல்லே சட்டம். அரசுக்கும் எழுதப்பட்ட விதி வேண்டும் என்று எழுதிய மல்கம், 'மறதி இல்லம்' என்னும் சங்கமொன்றையும் அமைத்தார். 1861இல் ஷா அதனைத் தடைசெய்தார். மல்கம் நாடு கடத்தப்பட்டார்.

இஸ்தான்புல்லில் அவரை ஆதரித்த தூதுவர் மிர்சா ஹுசைன் கான் 1871இல் பிரதம மந்திரியானதும் காற்றுத் திசை மாறியது. 1873இல் மல்கம் லண்டனில் பாரசீகத் தூதுவராக அமர்ந்தார். 1878ஆம் ஆண்டுப் பேர்லின் மாநாட்டில் பாரசீகத்தின் சார்பில் வாதாடினார். துருக்கியர் வசமிருந்த கொத்தூர்ப் பகுதி பாரசீகத்துக்கே உரியதென முடிவாயிற்று. மொழியையும் அவர் மறக்கவில்லை. அரசவையின் அலங்கார நடையை விடுத்து எளிய உரைநடையில் எழுதினார். எழுத்துச் சீர்திருத்தத்தை விளக்க, சாஅதியின் 'குலிஸ்தான்' நூலைத் தாம் திருத்திய எழுத்துகளில் 1885இல் லண்டனில் அச்சிட்டார்.

பின்னர் வந்தது வீழ்ச்சி. 1889இல் ஷாவிடம் லொத்தர் நடத்தும் உரிமையைப் பெற்றார். அவ்வாண்டிலேயே ஷா அதனை இரத்துச் செய்தார். அது தெரிந்திருந்தும் உரிமையைப் பெருந்தொகைக்கு விற்றார் என்ற பழி மல்கம் மீது விழுந்தது. பதவியும் பட்டங்களும் பறிபோயின.

அவமானப்பட்ட அந்த மனிதர் 1890 பெப்ரவரியில் லண்டனிலிருந்து 'கானூன்' என்ற பத்திரிகையை வெளியிட்டார். கானூன் என்றால் சட்டம். சட்டமில்லாத நாட்டில் மன்னரின் விருப்பத்துக்கு முன்னால் எவர் உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லை என்பதே அதன் ஓயாத பேச்சு. சில இதழ்கள் சந்தாவாகப் பணத்தைக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளும் அறிவையே கேட்டன. தடையை மீறி அது பாரசீகத்துள் புகுந்து, கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது.

பதவி பறிபோன ஆத்திரமே அப்பத்திரிகையைப் பிறப்பித்தது என்பார் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1896இல் ஷா கொலையுண்டபின், புதிய மன்னர் ரோமாபுரியில் தூதுவர் பதவி கொடுத்தபோது மல்கம் அதனை மறுக்கவுமில்லை. ஆனால், தெஹ்ரானில் மறைவாக அதைப் படித்தவர்கள் மல்கமின் வெகுமதிக்காகப் படிக்கவில்லை; தங்கள் வாழ்வுக்காகப் படித்தார்கள். 1906இல் பாரசீகம் அரசியலமைப்பைப் பெற்றது. 1908இல் மல்கம் சுவிற்சர்லாந்தில் காலமானார்.

அவர் கேட்ட சட்டம் 1889இல் இருந்திருக்குமானால், அதன்முன் நின்று பதில் சொல்ல வேண்டியவர்களுள் அவரும் ஒருவராக இருந்திருப்பார். ஆகவே அவரை மன்னிக்கவும் வேண்டாம். அவர் எழுதியதைத் தள்ளவும் வேண்டாம். தம்மையும் கட்டக்கூடிய ஒரு சொல்லை அவர் நாட்டுக்குள் அனுப்பிவைத்தார். நாடு அச்சொல்லை எடுத்துக்கொண்டது.